ஆர் முந்தியா, ஈ முந்தியா?

கெடா தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் அமெரிக்காவைத் தேடுகிறோம். பக்கத்து நோட்டிலேயே இருக்கும் மலாயை மறந்துவிடுகிறோம்

சுங்கைப்பட்டாணிப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டுப் பிள்ளை ஆங்கிலக் கட்டுரை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘தியேட்டர்’ என்ற சொல்லை ஈ-ஆர் என்று முடித்திருக்கிறது. ஆசிரியர் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ஆர்-ஈ என்று திருத்தி, ஓரத்தில் ‘அமெரிக்கன் ஸ்பெல்லிங்’ என்று எழுதுவார். யூடியூப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சும் எழும்.

பழியை அமெரிக்கா மேல் போடுமுன் அந்தப் பிள்ளையின் புத்தகப் பையைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம். முந்தின பாட வேளை மலாய். அந்த நோட்டில் நாடக அரங்குக்கு மலாய்ச் சொல் இருக்கும், முடிவு ஈ-ஆர். மீட்டர், கிலோமீட்டர், லிட்டர் எல்லாவற்றுக்கும் மலாயில் ஈ-ஆர்தான். ‘புரோகிராம்’ ஒற்றை எம்மோடு நின்றுவிடுகிறது. பிரிட்டிஷார் கடைசியில் கட்டிவிடும் எம்-ஈ வால் அங்கே இல்லை. ‘கேட்டலாக்’, ‘டயலாக்’ இரண்டும் மலாயில் ஜி-யோடு முடிகின்றன. அவற்றுக்கு யு-ஈ வால் கிடையாது. மலாய் ஆசிரியர் இதே எழுத்துக்கூட்டலுக்குச் சரி போட்டுக் கொடுத்திருப்பார். எழுத்து அதே ரோமன் எழுத்து, எழுதியதும் அதே பிள்ளை. இரண்டு நோட்டுக்கும் நடுவே ஒரு மணியடிப்புதான்.

கெடாவில் ‘அமெரிக்கப் பிழை’ என்று முத்திரை குத்தப்படுவதில் கணிசமான பங்கு மலாயிலிருந்து வருகிறது என்பதே என் வாதம். அதைச் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு.

பிழையின் ஊர்

1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து மலாய்க்கு ஒரே எழுத்துக்கூட்டலை அறிவித்தன. அதுவரை இங்கே ஆங்கிலேயர் பாணியில் சி-எச் என்று எழுதப்பட்ட ஒலி, அங்கே டச்சுக்காரர் பாணியில் டி-ஜே என்று எழுதப்பட்டது. இரண்டையும் விட்டுவிட்டு வெறும் சி போதும் என்று முடிவானது. காதில் விழுவதை எழுது, எழுதியதை அப்படியே படி என்பதுதான் அந்தச் சீர்திருத்தத்தின் போக்கு. இரவல் வந்த சொற்களும் அதற்குப் பணிந்தன. பஸ், டாக்சி, போலீஸ், டிக்கெட் என்று நாம் தினம் புழங்கும் சொற்களெல்லாம் மலாய்ப் பலகைகளில் ஒலிப்படியே எழுதப்பட்டிருக்கின்றன. செக்குக்குக்கூட மூன்றே எழுத்து.

தமிழ்ப் பள்ளிப் பிள்ளை ரோமன் எழுத்தை முதன்முதலில் நம்பிக்கையோடு எழுதப் பழகுவது இந்த மலாயில்தான். விதி இருக்கிறது, அந்த விதி வேலை செய்கிறது, எழுத்துகள் ஏமாற்றுவதில்லை. அடுத்த வேளை ஆங்கிலம் வந்து அதே எழுத்துகளைக் கையிலெடுத்துக்கொண்டு வேறு ஆட்டம் ஆடுகிறது.

அந்தச் சோதனைக்கு வருகிறேன். மலாய் எல்லா இடத்திலும் அமெரிக்காவைப் போல் எழுதுவதில்லை. அமைப்பு, உலகமயமாக்கல் என்ற பொருளில் அது ஆங்கிலத்திலிருந்து எடுத்த சொற்களில் இசட் வராது, எஸ்தான் வரும். ஆகவே ‘தியேட்டர்’ என்பதை ஈ-ஆரில் முடிக்கும் பிள்ளை ‘ஆர்கனைஸ்’ என்பதில் எஸ் போட்டால், அந்தப் பிள்ளை அமெரிக்கா பக்கம் போகவேயில்லை. மலாயிலிருந்து நேராக நடந்து வந்திருக்கிறது. நிறத்துக்கோ மலாயில் வேறு சொல் இருக்கிறது, ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கவில்லை. எனவே ‘கலர்’ என்ற சொல்லில் யு விழுந்துபோனால் அதற்கு மலாய் பொறுப்பல்ல. கைப்பேசித் திரையில்தான் விழுந்திருக்க வேண்டும். ‘ஹியூமர்’, ‘டியூமர்’ போன்றவற்றில் விழுந்தால் இரண்டு பக்கமும் சந்தேகப்படலாம், ஏனென்றால் மலாயும் அவற்றை யு இல்லாமலே எழுதுகிறது.

ஆசிரியருக்கு இது வெறும் துப்பறியும் விளையாட்டு அல்ல. திரையிலிருந்து வந்த பிழைக்கு ‘அது அமெரிக்கர் வழக்கம், நாம் இப்படி எழுதுவோம்’ என்று சொன்னால் போதும். மலாயிலிருந்து வந்த பிழைக்கு அந்தப் பதில் பிள்ளைக்குப் புரியாது. இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘இங்கே இது, அங்கே அது’ என்று காட்ட வேண்டும். அதைச் செய்ய ஆங்கில ஆசிரியரும் மலாய் ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கும். நம் பாட அட்டவணைகள் அதற்காகப் போடப்பட்டவை அல்ல.

ஜான்சன் போட்ட கோடு

விதி என்ன சொல்கிறது என்று கேட்டால் பதில் எளிது. எழுத்துக்கூட்டல், இலக்கணம், உச்சரிப்பு மூன்றுக்கும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தையே ஆதாரமாகக் கொள்ளுங்கள் என்று மலேசியக் கல்வி அமைச்சின் பாடத்திட்ட ஆவணங்கள் ஆசிரியர்களிடம் சொல்கின்றன. 2017 முதல் சி.இ.எஃப்.ஆர். என்ற ஐரோப்பிய மொழித்தர அளவுகோலுக்கு ஏற்ப ஆங்கிலப் பாடம் மாற்றப்பட்டபோது, தொடக்கப் பள்ளிக்கு கேம்பிரிட்ஜின் ‘சூப்பர் மைண்ட்ஸ்’, இடைநிலைப் பள்ளிக்கு மேக்மில்லனின் ‘பல்ஸ் 2’ என்று பாடநூல்களே கப்பலேறி வந்தன. பால்மரமும் செம்பனையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்நிய வாழ்க்கையைக் காட்டுகின்றன என்று அப்போது எழுந்த குறை நியாயமானதே. யு மட்டும் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தது.

ஆனால் ‘பிரிட்டிஷ்’ என்று நாம் பிடித்துக்கொண்டிருப்பது எவ்வளவு பழையது? ‘சென்டர்’ என்ற சொல்லை 16ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்திலேயே பெரும்பாலோர் ஈ-ஆர் போட்டுத்தான் எழுதினார்கள். ஷேக்ஸ்பியரும் மில்டனும் அந்தக் கட்சி. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி ஆர்-ஈ பக்கம் சாய்ந்தது, அச்சகங்கள் அதைப் பின்பற்றின. ‘ரிசீட்’ என்ற சொல்லில் ஒலிக்காத பி ஒன்று உட்கார்ந்திருப்பதும், அதன் உடன்பிறப்பான ‘டிசீட்’ என்பதில் அது இல்லாததும் ஜான்சன் அகராதி நிலைநிறுத்திய முரண்பாடுகளில் ஒன்று. கிராணி வேலைக்குப் போன நம் தாத்தாக்கள் அந்தப் பி-யை மறந்துவிட்டு வாங்கிய ஏச்சுக்கு ஜான்சன்தான் பதில் சொல்ல வேண்டும்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நோவா வெப்ஸ்டர் 1783இல் ஓர் எழுத்துக்கூட்டல் பாடநூலும், 1828இல் பெரிய அகராதியும் கொண்டுவந்தார். புதிய தேசத்துக்குப் புதிய எழுத்துக்கூட்டல் வேண்டும் என்பது அவர் கட்சி. யு-வை எடுத்தார், ஈ-ஆரைத் திரும்பக் கொண்டுவந்தார். ‘உமன்’ என்பதன் பன்மையையும் ‘நாக்கு’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும்கூட ஒலிப்படி மாற்றிப் பார்த்தார். அவற்றை அமெரிக்கர்களே ஏற்கவில்லை. 1906இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிமையாக்கி அரசு அச்சகத்துக்கு உத்தரவு போட்டபோது நாடாளுமன்றமே மறுத்துவிட்டது. அமெரிக்க எழுத்துக்கூட்டலும் பாதி வெற்றி, பாதி தோல்வி என்று வந்து நின்றதுதான்.

அடுத்தது இசட். நம் ஊர் ஆசிரியர்களில் பலர் ‘ஆர்கனைஸ்’ என்பதில் இசட்டைப் பார்த்ததும் அமெரிக்கா என்று அடித்துவிடுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் புரட்டினால் முதலில் நிற்பது இசட்தான். அந்தப் பதிப்பகம் தொடக்கத்திலிருந்தே அப்படி. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பதும் இசட். பிரிட்டிஷ் பத்திரிகைகள் எஸ் பக்கம் போய்விட்டதால் எஸ்தான் இங்கிலாந்து என்ற நம்பிக்கை பரவியது. போகட்டும், பள்ளியில் எஸ் என்று வைத்துக்கொள்வதில் ஒரு வசதி இருக்கிறது. ‘அட்வர்டைஸ்’, ‘சர்ப்ரைஸ்’, ‘எக்ஸர்சைஸ்’ போன்றவற்றில் இரு நாட்டிலும் எஸ் மட்டுமே சரி. எல்லாவற்றுக்கும் எஸ் என்று பழகிய பிள்ளை அவற்றில் இடறாது. மலாயும் அதே பக்கம் கைகொடுக்கிறது. ஆனால் வசதிக்காக வைத்துக்கொண்டதை இலக்கணம் என்று சொல்லி, ஆக்ஸ்ஃபோர்டு எழுதுவதையே பிழை என்று கோடு போடுவது கொஞ்சம் அதிகம்.

பலகையில் நின்றுபோன எழுத்துகள்

கெடாவுக்கு எழுத்துக்கூட்டல் தகராறு புதிதல்ல. பழைய ஆங்கிலேய ஆவணங்களில் இந்த மாநிலத்தின் பெயரே ‘க்யூ’ போட்டுத் தொடங்கும். சுங்கைப்பட்டாணியை அக்கால ஆங்கிலத்தில் ‘பி-ஏ’ என்று எழுதினார்கள். மலாய் எழுத்துக்கூட்டல் ஒழுங்குபட்ட பிறகு அது ‘பி-ஈ’ ஆனது. ஊர் மாறிவிட்டது, பத்தானி பாரா தோட்டம் மாறவில்லை. அதன் பெயரைச் சுமக்கும் தமிழ்ப் பள்ளிப் பலகையில் இன்னும் பழைய ஏ-தான். (பாரா என்பது ரப்பர் விதை வந்த பிரேசில் நாட்டுப் பகுதியின் பெயர்.) தமிழில் நாமும் பழைய ஒலியை விடாமல் பட்டாணி என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அதே வட்டாரத்து ஸ்கார்பரோ தோட்டத்தைப் பாருங்கள். யார்க்‌ஷயர் கடற்கரையில் இருக்கும் ஸ்கார்பரோவின் வாலில் யு-ஜி-எச் என்று மூன்று எழுத்துகள் சும்மா தொங்கும். தோட்டத்தின் பெயரில் அவை இல்லை. அமெரிக்காவில் இந்த மாதிரி ஊர்ப்பெயர்களின் வாலை வெட்டுவது சகஜம். அதற்காக அமெரிக்கர் வைத்த பெயர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஆங்கிலேயர்களும் சுருக்கி எழுதியவர்கள்தான். ஹார்வர்ட், ஹென்ரியேட்டா, விக்டோரியா, பேடனாக் என்று இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா எல்லாம் கெடாவின் ரப்பர்க் காட்டுக்குள் கலந்து கிடந்தன. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பலகைதான் முதல் ஆங்கிலப் பாடம்.

தலைநகரின் கதை இன்னும் வேடிக்கை. 2003இல் மாநகராக அறிவிக்கப்பட்டபோது பெயர் ‘அலோர் ஸ்டார்’ என்று வைக்கப்பட்டது. 2009இல் மீண்டும் ‘அலோர் செத்தார்’ ஆனது. செத்தார் என்பது ஒரு மரம். ஓர் ஈ-யை எடுத்ததும் மரம் நட்சத்திரமாகிவிட்டது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரமும் 1891இல் தன் கடைசி எச்-ஐ அரசுக்குப் பறிகொடுத்து, 1911இல் திரும்ப வாங்கியது. ஊர்ப்பெயரில் ஓர் எழுத்துக்கு இத்தனை பாடு.

ஆள்பெயர்களுக்குப் போனால் இது முடியாது. தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய லெட்சுமிகளும் முனியாண்டிகளும் அடையாள அட்டையில் அப்படியே உறைந்துவிட்டார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு ‘சுப்ரமணியம்’, தம்பி பத்திரத்தில் தகப்பன் பெயர் வேறொரு ‘சுப்ரமணியம்’ என்று இருப்பதைப் பார்க்காதவர் யார்? பள்ளி அகராதி அந்தப் பெயர்களில் கைவைக்க முடியாது. பதிவானதே சரி.

தோட்டத்தோடு பிறந்த இன்னொரு சொல் கந்தகம். ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கலாம் என்று சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். அது இல்லாவிட்டால் டயரும் இல்லை, தோட்டமும் இல்லை. மரத்தின் இலைநோய்க்கும் அதன் பொடியைத் தூவினார்கள். பிரிட்டிஷ் வழக்கில் அந்தச் சொல்லுக்கு நடுவே பி-எச் வரும். அமெரிக்கர் எஃப் போடுவார்கள். 1990இல் உலக வேதியியல் ஒன்றியம் எஃப்-ஐ ஏற்றது. பிரிட்டனின் வேதியியலாளர்களும் பின்னால் இணங்கினார்கள். அதற்குச் சரிக்குச் சரியாக அலுமினியத்தில் அமெரிக்கர் விட்டுவிட்ட ஐ-யை அதே ஒன்றியம் காப்பாற்றியது. மலாய் வேதியியல் நூலில் கந்தகத்துக்கு எஃப், அலுமினியத்துக்கு ஐ, இரண்டும் ஒன்றிய விதிப்படியே அமைந்துவிட்டன. பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் என்ற பெயரில் பி-எச்சுக்காக இன்று அடம்பிடிக்கும் ஆசிரியருக்குத் துணை நிற்க லண்டனில் வேதியியலாளர் கிடைப்பது கடினம்.

ஜீயும் இசட்டும்

அமெரிக்க ஆங்கிலம் யூடியூபோடு வந்தது என்று நினைப்பதும் சரியல்ல. 1962 முதல் 1983 வரை அமைதிப் படை என்ற அமெரிக்கத் தொண்டர் அமைப்பின் 4,000க்கும் மேற்பட்டோர் மலேசியாவில் வேலை செய்தார்கள். பலர் பள்ளிகளில் ஆங்கிலமும் அறிவியலும் கணிதமும் நடத்தினார்கள். கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் படித்த வகுப்பில் அமெரிக்கர் கரும்பலகையில் எழுதிய காலம் அது.

1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கு இன்டெல், ஃபர்ஸ்ட் சோலார் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் வந்தன. ரப்பரும் செம்பனையும் இருந்த வட்டாரத்தில் தகப்பன் பெரட்டுக்குப் போனார், மகள் ஷிப்டுக்குப் போகிறாள். தகப்பன் காலத்துத் தோட்ட ஆபீஸ் கடிதங்களில் ‘லேபர்’ யு-வோடு வந்தது. அமெரிக்க நிறுவனத்தின் தலைமையகத்திலிருந்து வரும் தாளில் அது யு இல்லாமல்தான் வரும்.

வீட்டுக் குழந்தையோ ஆங்கில நெடுங்கணக்குப் பாட்டைக் கைப்பேசியில் கேட்டு ‘ஜீ’ என்று முடிக்கிறது. பாலர் பள்ளியில் ‘இசட்’ என்று திருத்தினால் அடுத்த அடியோடு இயைபு உதைக்கும். பாட்டு அமெரிக்க வாய்க்குக் கட்டப்பட்டது. நான் இந்த இடத்தில் குழந்தையின் பக்கம். பாடும்போது ஜீ, எழுத்துச் சொல்லும்போது இசட் என்று வைத்துக்கொண்டால் வானம் இடிந்துவிடாது.

கணினிப் பாடம் இதைவிடக் கறார். வலைப்பக்கத்தில் எழுத்துக்கு நிறம் கொடுக்கும் கட்டளையில் யு சேர்த்தால் கணினி கண்டுகொள்ளவே செய்யாது. நடுவில் நிறுத்தச் சொல்லும் கட்டளையும் ஈ-ஆரில் இருந்தால்தான் வேலை செய்யும். காலையில் ஆங்கில வகுப்பில் யு இல்லாவிட்டால் தப்பு, மதியம் கணினி அறையில் யு இருந்தால் தப்பு. இதைப் பிள்ளைகள் ஒரு குறையும் சொல்லாமல் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். எந்த இடத்தில் எது செல்லும் என்று தெரிந்துவிட்டால் அவர்களுக்குக் குழப்பமில்லை. (யு இருந்தால்தான் கலருக்கே கலர் வந்ததுபோல் எனக்குத் தோன்றும். அது வளர்ப்பு, வேறொன்றுமில்லை.)

எத்தனை வகைத் தப்பு?

தேர்வு இதை எப்படிப் பார்க்கிறது? 2021 எஸ்.பி.எம். முதல் ஆங்கில எழுத்துத் தாள் மூன்று பகுதிகள், பகுதிக்கு 20 என்று 60 மதிப்பெண். உள்ளடக்கம், செய்தி சேரும் விதம், கட்டுக்கோப்பு, மொழி என்ற நான்கு அளவுகோல்களால் ஒவ்வொரு பகுதியும் அளக்கப்படுகிறது. எழுத்துக்கூட்டல் கடைசியில் சொன்ன மொழிக்குள் அடங்கிவிடும். சொல்லுக்கு அரை மதிப்பெண் என்று கழிக்கும் பழைய கணக்கு அங்கே இல்லை. ஐ.இ.எல்.டி.எஸ். இரண்டு எழுத்துக்கூட்டலையும் ஏற்கிறது. கேம்பிரிட்ஜின் சொந்த ஆங்கிலத் தேர்வுகளும் அப்படியே. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரே சீராக எழுது என்பதுதான் எதிர்பார்ப்பு. கேம்பிரிட்ஜே விட்டுக்கொடுத்த இடத்தில் நம் பள்ளிகள் காவல் நிற்கின்றன.

நமக்கு இந்த விஷயத்தில் சொந்த அனுபவம் உண்டு. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியபோது ‘லை’, ‘னை’, ‘றா’ போன்றவை உருமாறின. மலேசியப் பள்ளிகளும் பின்னர் புதிய வடிவத்துக்கு வந்தன. துதிக்கை வைத்த பழைய ‘லை’யை எழுதிய பாட்டியின் கடிதத்தை யாரும் பிழை என்று சொல்லவில்லை. இப்போது இப்படி எழுதுவதில்லை என்று மட்டும் சொன்னோம்.

‘கலர்’ என்ற சொல்லில் யு-வை விட்ட பிள்ளையையும், அதையே ஓ-வுக்குப் பதில் ஈ போட்டு எழுதிய பிள்ளையையும் ஒரே சிவப்பு வட்டத்துக்குள் அடைப்பது அநியாயம். முதல் பிள்ளை ஒரு முறையான ஆங்கிலத்தை எங்கோ கற்றிருக்கிறது; இரண்டாவது பிள்ளைக்கு இனிமேல்தான் கற்றுத்தர வேண்டும். மலாயைப் பின்பற்றி எழுதிய மூன்றாவது பிள்ளையோ ஒரு மொழியின் விதியை நன்றாகவே பிடித்துக்கொண்டு தவறான வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. முதலாவதுக்கு அடிக்கோடு, மூன்றாவதுக்கு ‘மலாய்’ என்று ஓரத்தில் ஒரு சொல், இரண்டாவதுக்கு மட்டும் வட்டம். இதற்குப் புதுக் கொள்கையோ சுற்றறிக்கையோ தேவையில்லை. பேனா பிடித்தவர் முடிவு செய்தால் போதும்.

வீட்டில் ஆங்கிலம் பேசும் பட்டணத்துப் பிள்ளைக்கு ஒரு சிவப்பு வட்டம் பொருட்டல்ல. டியூஷன் டீச்சர் இருக்கிறார், அம்மா இருக்கிறார். கெடாவின் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளில் பல இன்னும் பெயரில் ‘லாடாங்’ என்ற சொல்லைத் தாங்கியவை. தோட்டம் கைமாறி, லயம் இடிந்து, குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் போன பிறகும் பெயர் போகவில்லை. நாட்டில் 150க்குக் குறைவான பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அரசு பிரித்துவைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் தோட்டப் பள்ளிகள் நிறைய. அங்கே ஆங்கிலத்துக்கு அந்த ஒரு நோட்டுதான், அந்த ஒரு ஆசிரியர்தான். நோட்டு முழுக்கச் சிவப்பாக வந்தால் பிள்ளை எழுத்துக்கூட்டலைச் சரிசெய்துகொள்ளாது. தெரிந்த, தப்பு வராத, குட்டிக் குட்டிச் சொற்களாகப் பார்த்து எழுதத் தொடங்கும். தியேட்டர் என்று எழுதத் துணிந்த பிள்ளை அடுத்த முறை ‘ஷோ’ என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும்.

இரண்டு எழுத்துக்கூட்டலும் தெரிந்திருப்பது பின்னால் எதற்கு உதவும் என்று கேட்பவர்கள் பீடோங் பக்கத்து செமிலிங்கில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர்களை நினைத்துப் பார்க்கலாம். 2001இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் தோட்டத்துக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் படிக்கிறார்கள். குழந்தை மருத்துவத்துக்கு அவர்கள் புரட்டும் ‘நெல்சன்’ அமெரிக்க நூல். தலைப்பிலேயே ஏ-ஈ சுருங்கி வெறும் ஈ ஆகியிருக்கும். அரசு மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போனால் வார்டுப் பலகை மலாயில், அதிலும் வெறும் ஈ. மருத்துவர் கையால் எழுதும் ஆங்கிலக் குறிப்பில் பிரிட்டிஷ் ஏ-ஈ. இரத்தச்சோகைக்கும் இதே கதைதான். இணையத் தேடலில் எப்படி அடித்தாலும் வந்துவிடும். அச்சிட்ட புத்தகத்தில் அந்தச் சலுகை இல்லை. உணவுக்குழாயைப் பிரிட்டிஷ் முறையில் ஓ-வில் தொடங்கி எழுதப் பழகிய மாணவர், அமெரிக்க நூலின் பின்பக்க அகரவரிசையில் ஓ-வின் கீழ் எத்தனை முறை தேடினாலும் அது கிடைக்காது. ஈ-க்குப் போக வேண்டும்.